பற்றும் காணியும்

ஆங்கிலத்தில் ‘டெனியூர்’ என்றொரு சொல் உண்டு. அதற்கு ஒரே சொல்லால் பொருள் கூறமாட்டாமல் நம் அகராதிகள் இடர்ப்படுகின்றன. நிலத்தோடு சேர்ந்து வருமிடத்து ‘நிலவுடைமை முறை’ என்பர். பதவியோடு சேர்ந்து வருமிடத்து ‘பதவிக்காலம்’ என்பர். நிலத்துக்கும் பதவிக்கும் ஒரு சொல் எவ்வாறு பொதுவாயிற்று? இக்கேள்விக்கு விடை தேடப் புகுவோர், அரசர் அரண்மனையையும் உழவன் குடிசையையும் ஒருங்கே காணவேண்டியவராவர். புத்தளத்துக் கரையோரத்தில் வாழும் நமக்கோ இது ஏட்டு ஆராய்ச்சி மட்டும் அன்று. இன்று நாம் குடியிருக்கும் மண்ணை நாளையும் நம்முடையது என்று சொல்ல முடியுமா என்னும் கேள்வி அச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கிறது.

‘தெனேரே’ என்னும் இலத்தீன் வினையே அச்சொல்லின் வேர். ‘பிடித்தல்’ என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழி வழியாக அது இங்கிலாந்துக்குச் சென்றது. 1066-இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நாட்டு நிலம் முழுவதும் மன்னனுக்குரியது என்னும் கொள்கை நிலைநாட்டப்பட்டது. மன்னனிடமிருந்து பிரபுக்கள் நிலத்தைப் ‘பிடித்தனர்’. அவர்களிடமிருந்து சிறு பிரபுக்கள் பிடித்தனர். அனைவருக்கும் கீழே உழவன் பிடித்தான். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு விலை இருந்தது. ஒருவன் குதிரையேறிப் போருக்குச் செல்லவேண்டும். ஒருவன் மன்னனின் மாளிகையில் ஏதேனும் ஒரு பணி செய்யவேண்டும். கடைசியில் நின்றவன் பிரபுவின் வயலில் கூலியின்றி உழவேண்டும். பணி செய்வதற்காக நிலம், நிலம் பிடிப்பதற்காகப் பணி என்ற இந்தப் பிணைப்பினாலேயே நிலத்தைக் குறித்த சொல் பதவியையும் குறிக்கலாயிற்று.

கடைசியில் நின்ற அந்த உழவனுக்கு ‘வில்லெயின்’ என்று பெயர். ‘வில்லா’ எனப்பட்ட பண்ணையோடு கட்டுண்டவன் என்பது அதன் பொருள். பண்ணை ஆள் நாகரிகமற்றவன், நாகரிகமற்றவன் கெட்டவன் என்று பிரபுக்களின் வாயில் அச்சொல் தேய்ந்து தேய்ந்து, இன்று நம் திரைப்படங்களில் கதாநாயகனை எதிர்த்து நிற்கும் ‘வில்லன்’ ஆகிவிட்டது. உழுது சோறு போட்டவனே கொடியவனுக்குப் பெயரான கதை இது. சொற்களுக்கும் வர்க்கம் உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பிடித்தல் என்னும் இதே கருத்திலிருந்து தமிழும் ஒரு நிலச் சொல்லை ஆக்கிக்கொண்டது. அதுதான் ‘பற்று’. பற்றுதல் என்றால் பிடித்தல். மனம் ஒன்றைப் பிடித்துக்கொள்வதும் பற்றே. கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பதும் பற்று. பணம் பெற்றுக்கொண்டமைக்கு இலங்கைத் தமிழர் எழுதிக்கொடுக்கும் தாளுக்குப் ‘பற்றுச்சீட்டு’ என்று பெயர். சோழர் காலத்தும் அதனை அடுத்த காலத்தும் எழுந்த கல்வெட்டுகளில் இச்சொல் நிலப் பகுதியைக் குறித்து வருகிறது. படைவீரரின் பிழைப்புக்காக விடப்பட்டது படைப்பற்று. வாழ்க்கைப் பொருளாக அளிக்கப்பட்டது சீவிதப்பற்று. வன்னியர் வசம் இருந்தது வன்னியப்பற்று. யார் பிடித்திருக்கிறார் என்பதே நிலத்தின் பெயராயிற்று.

இனி நம் மாவட்டத்தின் பழைய பிரிவுகளைப் பாருங்கள். புத்தளம் பற்று, பொன்பரிப்புப் பற்று, ஏரிக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பத்தில் அக்கரைப்பற்று என்பன இங்குள்ளவை. உள்நாட்டுப் பக்கமாகச் சிங்களத்தில் ‘தெமள ஹத்பத்து’, அதாவது தமிழ் ஏழு பற்று எனப்பட்ட பிரிவு. அதனுள் இராசவன்னிப் பற்று, குமாரவன்னிப் பற்று. கிழக்கே மட்டக்களப்புப் பக்கத்திலும் மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று என்று இப்பெயர் பரந்து கிடக்கிறது. சிங்களத்தில் ‘பத்துவ’ என வழங்கும் நிர்வாகச் சொல்லும் இதன் உடன்பிறப்பே எனக் கொள்வது பொருந்தும். அரசாங்கக் கடிதங்களில் இன்று வெறும் எல்லைப் பெயராக எழுதப்படும் இச்சொல், ஒரு காலத்தில் ‘இன்னார் பிடித்த நிலம்’ என்று பேசிற்று. தமிழும் சிங்களமும் கலந்த வன்னிக் குடிகளின் வரலாறும் அதில் உறைந்து நிற்கிறது. இக்கரை ஒரே இனத்தின் தனிச்சொத்து என வாதிக்கப் புகும் எவரும் முதலில் ‘தெமள ஹத்பத்து’ என்னும் இருமொழிப் பெயரைத் தாண்டிச் செல்லவேண்டும்.

*

பற்றை அடுத்துக் காணி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் காணி என்றால் நிலம் என்றே பொருள். காணிக் கச்சேரி, காணி உறுதி, காணிச் சண்டை என்று நாள்தோறும் அச்சொல் நம் காதில் விழுகிறது. பழந்தமிழில் அதற்கு நுட்பமான பொருள்கள் இருந்தன. எண்பதில் ஒன்று என்னும் பின்னத்துக்குக் காணி என்று பெயர். ஒரு நில அளவும் காணி. இவற்றினும் முதன்மையாக, தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கு ஊரில் இருந்த உரிமைக்கே காணி என்று பெயர். அவ்வுரிமையை ஆளுதல் காணியாட்சி எனப்பட்டது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்த ‘மிராசு’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை குறித்துத் தம் அரசு விடுத்த 17 வினாக்களுக்கு எழுதி 1818-இல் வெளியான விடைகளில், இக்காணியாட்சியின் தொன்மையையே எடுத்து விளக்கினார். ஆனால் காணியாளரின் கீழ் உழுது நடப்பட்ட அடிமைக் குடிகளின் உரிமை என்ன என்பது அக்காலத்தில் எந்தக் கலெக்டரின் உறக்கத்தையும் கெடுக்கவில்லை.

நம் கல்வெட்டுகளோ அவர்களை முற்றாக மறைத்துவிடவில்லை. பாண்டியர் செப்பேடுகளில் ‘காராண்மை’, ‘மீயாட்சி’ என்னும் இரு சொற்கள் வருகின்றன. நிலத்தை உழுது பயிர்செய்யும் உரிமை காராண்மை. அதற்கு மேல் நின்று விளைவில் பங்கு பெறும் உரிமை மீயாட்சி. ஒரே வயலின்மேல் இரண்டு உரிமைகள். ஒன்று கீழ், ஒன்று மேல். அரசன் ஒரு பிராமணனுக்கோ கோயிலுக்கோ ஊரைக் கொடுக்கும்போது, இவ்விரண்டில் எதனைக் கொடுக்கிறான் என்பதைத் தெளிவாக எழுதவேண்டியிருந்தது. ‘மேல்’ மட்டும் கைமாறினால் உழுகிறவன் இருந்த இடத்திலேயே இருப்பான். வாரம் அளக்கும் களம்தான் மாறும். இரண்டும் கைமாறினால் அவன் கதி?

அதற்கும் கல்வெட்டு மொழியில் விடை உண்டு. ‘குடிநீக்கி’ என்றும் ‘குடிநீங்கா’ என்றும் தேவதானங்களை அவை வேறுபடுத்துகின்றன. முன்னைய குடிகளை அகற்றிவிட்டுக் கொடுத்த நிலம் குடிநீக்கித் தேவதானம். அவர்களை அகற்றாமல் கொடுத்தது குடிநீங்காத் தேவதானம். ‘நீக்கி’, ‘நீங்கா’ என்னும் இரண்டு சொற்களின் ஈற்றில் மட்டுமே வேறுபாடு. ஆனால் அந்தச் சிறு வேற்றுமையில் ஓர் ஊர் மக்களின் அடுப்பும் கிணறும் மாட்டுத்தொழுவமும் தொங்கின. சோழப் பெருங்கோயில்களின் விமானங்களை அண்ணாந்து நோக்கி வியக்கும் நாம், அவற்றின் அடித்தளக் கற்களையும் குனிந்து படிக்கவேண்டும். யார் கட்டினான் என்பது மேலே தெரியும். யார் நீக்கப்பட்டான் என்பது கீழேதான் தெரியும்.

பற்றறுத்தல் வேண்டும் எனப் போதித்த மடங்களும் விகாரைகளும் கோயில்களும் நிலப் பற்றை மட்டும் அறுக்கவில்லை என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும். அவற்றின் பற்று சூரிய சந்திரர் உள்ளவரை நிலைக்கக் கல்லில் வெட்டப்பட்டது.

*

நம் கரைக்கு வருவோம். சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேசுவரம் கோயிலுக்குக் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15-ஆம் நூற்றாண்டில் அளித்த நிலக்கொடை, கிரந்தத்திலும் தமிழிலும் கல்லில் நிற்கிறது. அதே கோயிலைப் போர்த்துக்கேயர் 1578-இல் இடித்தனர். பின்னர் அதன் நிலங்கள் இயேசு சபையார் கைக்குச் சென்றன. கண்டி அரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கோயிலைப் புதுப்பித்து 1753-இல் செப்பேட்டின் வழி மீண்டும் நிலம் கொடுத்தான். ஒரு சிங்கள பௌத்த அரசன் சிவன் கோயிலுக்கு நிலம் விட்டதை இன நல்லிணக்கத்துக்குச் சான்றாக நாம் காட்டுகிறோம், காட்டவும் வேண்டும். அத்தோடு மற்றொன்றையும் கேட்கவேண்டும். இத்தனை அரசர்களும் சபைகளும் கைமாற்றிக்கொண்ட அதே வயலில், இத்தனை நூற்றாண்டுகளும் ஏர் பிடித்தவர் யார்? கொடுத்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் கல்லில் இருக்கின்றன.

புத்தளத்து வன்னியருக்கு நிலமும் சிறப்புரிமைகளும் வழங்கியதாகக் கூறும் செப்பேடும் கோட்டை அரசர் காலத்தைச் சுட்டுகிறது. இக்கரையின் முக்குவரிடையே சொத்து மக்களுக்கன்றி மருமக்களுக்குச் சென்ற தாய்வழி மரபு இருந்தது. ‘முக்குவர் சட்டம்’ என்று பிற்காலத்தார் குறித்தது இதனையே. கற்பிட்டியில் 1807-இல் பிறந்து, 1834-இல் இலங்கை பற்றிய அரிய விவரத் திரட்டு ஒன்றையும், 1859-இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, இக்கரையின் குடிகளையும் பற்றுகளையும் வழக்கங்களையும் எழுத்திற் பதித்தார். அரசுப் பதவியில் இருந்த அவர் அரசுக்காக எழுதினார் என்பது உண்மையே. எனினும் அவர் எழுதியிராவிடில் நம் பாட்டன்மாரின் ஊர்ப்பெயர்களிற் பல நமக்குக் கிட்டாமலே போயிருக்கும்.

கண்டி அரசின் நில முறைக்கு ‘இராசகாரியம்’ என்று பெயர். அரசன் வேலை என்பது நேர்ப்பொருள். நிலம் பிடித்தவன் அதற்கு ஈடாக ஏதேனும் ஒரு வேலை செய்யவேண்டும். மட்பாண்டம் வனைதல், யானை பிடித்தல், சுமை சுமத்தல், மேளம் அடித்தல் என வேலை சாதியால் வகுக்கப்பட்டது. வழிவழியாகத் தொடரும் உரிமை ‘பரவேணி’ எனப்பட்டது. பிரபுவுக்குச் சேர்ந்தது ‘நிந்தகம்’. விகாரைக்குச் சேர்ந்தது ‘விகாரகம்’. இலங்கையின் பழைய நில முறையையும் வருவாயையும் ஆராய்ந்து கொட்றிங்ரன் 1938-இல் எழுதிய நூல் இன்றும் பயிலத்தக்கது. இங்கிலாந்தில் கண்ட அதே பிணைப்பையே இங்கும் காண்கிறோம்: பிடி வேண்டுமா, பணி செய்.

கரையோரத்தில் ஒல்லாந்தர் இப்பிணைப்பைக் கழற்றவில்லை, இறுக்கினர். முஸ்லிம்களையும் செட்டிமாரையும் அந்நியர் எனக் குறித்து, அவர்கள்மீது ‘ஊழியம்’ என்னும் கட்டாய வேலையைச் சுமத்தினர். வேலை செய்ய விரும்பாதவன் பணம் கட்டவேண்டும். பிறந்த மண்ணில் வாழ்வதற்கே கட்டணம்! இன்று நாம் ‘அரசாங்க ஊழியர்’ என்று சற்றுப் பெருமையோடு எழுதும் சொல்லுக்கு அப்படியும் ஒரு காலம் இருந்தது. நிலத்தையும் ஆளையும் ஒருங்கே எழுதிவைத்த பேரேட்டுக்குத் ‘தோம்பு’ என்று பெயர். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தோம்பில் பெயர் ஏறியவனுக்கு உரிமை உண்டு. ஏறாதவன் உழுதாலும் இல்லாதவனே. எழுத்து நிலத்தை ஆளத்தொடங்கிய காலம் அது.

உப்பையும் மறக்கலாகாது. ‘புது அளம்’ என்பதே புத்தளம் ஆயிற்று என்பர். மலைநாட்டுக் கண்டி இராச்சியம் உப்புக்குக் கரையை நம்பியிருந்தது. ஆகவே புத்தளத்து உப்பளங்களைப் பிடித்தவன் கண்டியின் கழுத்தைப் பிடித்தவனானான். 1766-இல் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கையில், அவன் குடிகள் உப்பு அள்ளிக்கொள்ளலாம் என்னும் சலுகையும் எழுதப்பட்டது. கடல்நீரும் வெயிலும் சேர்ந்து விளைவித்த பொருளை அள்ளுவதற்கு ஓர் அரசன் மற்றொருவனிடம் இசைவு பெறவேண்டியிருந்தது. 1795-இல் கற்பிட்டிக் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. உப்பு அவர்களுடைய ஏகபோகமாயிற்று.

*

பிரித்தானியர் இரண்டு காரியங்கள் செய்தனர். முதலாவது, 1832-இல் இராசகாரியத்தை ஒழித்தனர். மனிதனை நிலத்தோடு கட்டிய கயிறு அறுந்தது. இதனை முன்னேற்றம் என்றே கூறவேண்டும். ஆயினும் கோயில், விகாரை நிலங்களில் அக்கயிறு அறுபடவில்லை. 1870-இல் வந்த சேவை நிலச் சட்டம்தான் வேலைக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழிசெய்தது. மேலும், கயிற்றை அறுத்தவர்கள் கருணையினால் மட்டும் அறுத்தாரல்லர். வளர்ந்துவந்த தோட்ட முதலாளித்துவத்துக்குக் கட்டற்ற கூலியாட்கள் தேவைப்பட்டனர். அதற்கு அடுத்தபடி கட்டற்ற நிலம் தேவைப்பட்டது.

அதற்குத்தான் இரண்டாவது காரியம். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ குடியற்றோ பயிரற்றோ கிடக்கும் நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதெனவே கொள்ளப்படும் என்று விதித்தது. இச்சட்டத்தின் முழு வலிமையும் ‘நிரூபிக்கப்படும்வரை’ என்பதில் இருக்கிறது. அரசு நிரூபிக்கவேண்டியதில்லை, குடியானவன் நிரூபிக்கவேண்டும். அவனிடம் இருந்தது என்ன? சேனை வெட்டிய தழும்பு, பாட்டன் நட்ட புளியமரம், மாடு மேய்த்த வழி, ஊரார் வாய்ச்சொல். சேனைப் பயிர்ச்செய்கையோ ஓராண்டு விதைத்துப் பல ஆண்டு ஆறவிடும் முறை. ஆறக்கிடக்கும் ஆண்டுகளில் வந்து பார்த்த அதிகாரிக்கு அது காடு. மலைநாட்டில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு நிலம் விற்கப்பட்ட காலம் அது. இக்கரையில் கோப்பி விளையாது. ஆனால் தென்னை விளையும். சிலாபம் முதல் புத்தளம் வரை காடு சரிந்து தென்னந்தோட்டம் எழுந்தபோது, நிலம் வாங்கப் பணம் படைத்தவன் ‘துரை’யும் ‘முதலாளி’யும் ஆனான். அதே நிலத்தில் விறகு பொறுக்கிவந்தவன் தேங்காய் பறிக்கும் கூலியானான்.

சட்டத்தின் கண்ணில் இன்றும் இலங்கை நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அரசுக்குரியது. முடி போயிற்று, ‘முடிக்குரிய’ என்னும் அடைமொழி ‘அரச’ என்று மாறிற்று, அந்த ஊகம் மட்டும் மாறவில்லை.

நிலம் மட்டுமன்றிக் கடற்கரையும் பிடிக்கப்படும் பொருளே. உடப்பிலிருந்து கற்பிட்டி முனைவரை கரைவலை இழுக்கும் மக்களுக்குப் ‘பாடு’ என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. வலை வளைத்துக் கரையேற்றும் கடற்கரைத் துண்டு பாடு. அதை முறைவைத்துப் பயன்படுத்துவது ஊர் ஒழுங்கு. பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்ந்து வந்து ‘வாடி’ அமைத்துத் தங்கும் மீனவருக்கு, அந்த ஓலைக்கொட்டில் ஆண்டில் சில மாதமே வீடு. சேனையைப் போலவே வாடியும் அதிகாரியின் கண்ணுக்கு ‘குடியற்ற’ இடமாகத் தோன்றுகிறது. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே உரிமை என்னும் கருத்து, கடலோடிகளுக்கும் சேனைக்காரருக்கும் எதிராகவே பிறந்தது.

1980-களில் புத்தளம் ஏரி, முந்தல் ஏரி, ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் ஆகியவற்றின் ஓரமெங்கும் இறால் பண்ணைகள் எழுந்தன. குத்தகை பெற்றவை சில. பெறாமலே வளைத்தவை பல. கண்டல் காடுகள் வெட்டுண்டன; மீன்குஞ்சுகள் வளர்ந்த சேற்றுநிலம் தனியார் குளமாயிற்று. 1996-இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பெருநட்டம் அடைந்தன. முதல் போட்டவர் வேறு தொழிலுக்குச் சென்றனர். உப்பேறிய குழிகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஊருக்குப் பொதுவாய் இருந்தது தனியாருடையதாயிற்று. பின்னர் யாருக்கும் பயன்படாததாயிற்று. போர் முடிந்ததையொட்டிய ஆண்டுகளில் கற்பிட்டியின் 14 தீவுகளை உல்லாசப் பயணத்துக்கு ஒதுக்கும் திட்டம் வந்தபோது, உச்சமுனை போன்ற இடங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்த மீனவக் குடும்பங்கள் உறுதி காட்ட வழியின்றி அஞ்சி நின்றன. 1840 பழங்கதை அன்று என்பதை அவர்கள் எந்த வரலாற்று நூலும் படியாமலே அறிந்துகொண்டனர்.

*

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சட்டங்கள் சில உழுவோன் பக்கமும் திரும்பின. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், காணியற்றோருக்கு அரச நிலத்தை அனுமதிப்பத்திரத்தின் பேரிலும் பின்னர் அளிப்பின் பேரிலும் கொடுக்க வழிசெய்தது. நிலம் கடன்காரனிடம் போய்விடக் கூடாதென்று விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் பின்னுரித்தாளி பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண்மக்களையே முன்னே நிறுத்திற்று. தாய்வழியாகச் சொத்துச் சென்ற ஒரு கரையில், பெண்மக்கள் வரிசையின் பின்னே தள்ளப்பட்டனர். 2022-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த ஆண்முதன்மையை நீக்கிற்று. சட்டப் புத்தகத்தில் ஒரு சொல்லைத் திருத்த எண்பத்தேழு ஆண்டுகள்!

1958-இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், ‘அந்தே’ முறையில் உழுத குத்தகைக் குடிகளுக்கு நிலைத்த பிடியை அளிக்க முனைந்தது. அந்தே என்றால் பாதி. விளைவில் பாதி நிலக்காரனுக்கு. அப்பாதியைக் குறைக்கவும், குடியை நினைத்தபோது வெளியேற்றாமல் தடுக்கவும் அச்சட்டம் முயன்றது. அமைச்சரவைக்குள்ளிருந்தே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. வயல்களிலோ சட்டம் முழுமையாய் வந்து சேருமுன் பல குடிகள் வெளியேற்றப்பட்டனர். 1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர் என்றும், நெல்வயலாயின் 25 ஏக்கர் என்றும் உச்சவரம்பு கட்டிற்று. தென்னந்தோட்டங்கள் துண்டுபட்டன. எடுக்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி உழுதவன் கைக்கு வராமல் அரசின் கைக்கே சென்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி இக்கட்டுரையின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினர். எழுபதாயிரம் பேருக்கும் மேல் வீடிழந்தனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும். கல்வெட்டுத் தமிழில் கூறின், இது ஒரு ‘குடிநீக்கி’. தமிழின் பெயரால் அது செய்யப்பட்டது என்பதைத் தமிழில் எழுதுவோர் மழுப்பாமல் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

வந்தவர்களை இக்கரை மக்கள் தென்னந்தோப்புகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கவைத்தனர். முகாம்கள் ஓலைக் கொட்டில்களாகி, கொட்டில்கள் குடியேற்றங்களாயின. கிணற்று நீரும் பள்ளிக்கூட இருக்கையும் கூலி வேலையும் பங்கிடப்பட்டன. பங்கீட்டில் பிணக்கும் எழுந்தது. அங்கே விட்டுவந்த காணி ஒன்று. இங்கே ஒதுங்கிய காணி ஒன்று. இரண்டிலும் பிடி உறுதியாக இல்லை. இந்த நிலையில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அத்தலைமுறையின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்து நம்மிடமே வரலாறு படித்தனர்.

சட்டம் அவர்களை எவ்வாறு நோக்கிற்று? 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் நிலம் ஒன்றைப் பத்தாண்டு இடையறாமல், உரிமையாளனுக்கு எதிராகத் தன்னுடையதெனப் பிடித்திருப்பவன் அதற்கு உரித்தாளியாகலாம். அரசுக்கு எதிராக அந்தப் பத்தாண்டு செல்லாது. இவ்விதி ஏழைக்கு உதவியதும் உண்டு. உறுதியற்றவனின் உழைப்பை அது உரிமையாக்கிற்று. ஆனால் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டவன் பத்தாண்டாகத் தன் காணிக்குச் செல்ல முடியாதிருந்தபோது, அதே விதி அவனுக்கு எதிராகத் திரும்பிற்று. மணிக்கூடு யாருக்காகவும் நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்த பின்னரே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் இவ்வாறு தடுக்கப்பட்டோருக்கு எதிராக அவ்வாண்டுகளைக் கணக்கிடலாகாது என்றாயிற்று. வெளியேற்றம் நிகழ்ந்து இருபத்தாறாம் ஆண்டில் வந்த நீதி அது.

வேறோர் இடர்ப்பாடும் இருந்தது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துவுக்கு அப்பால் முசலிப் பகுதி. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்களின் மக்கள் திரும்பிச் சென்றபோது, இருபதாண்டு ஆளற்றுக் கிடந்த மண்ணில் மரம் வளர்ந்திருந்தது. 2012-இல் வர்த்தமானி அறிவித்தல் அப்பகுதி நிலங்களை ஒதுக்குக் காடாக்கிற்று. எது பழைய ஊர், எது பழைய காடு என்பது அரசியல் மேடையிலும் நீதிமன்றத்திலும் வழக்காயிற்று. காடு காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. கண்டல் காடு அழிந்ததன் விலையை இக்கரை கண்டிருக்கிறது. ஆயினும், மனிதர் இல்லாதிருந்ததற்குக் காரணம் எதுவென்று கேளாமல், ‘இங்கே குடியில்லை, ஆகவே இது காடு’ என்று முடிப்பது 1840-இன் தர்க்கமே அன்றி வேறன்று.

*

ஆசிரியர்களாகிய நமக்கும் ‘டெனியூர்’ அந்நியமானதன்று. உதவி பெறும் பள்ளிகளின் காலத்தில் முகாமையாளர் விரும்பினால் ஆசிரியருக்கு வேலை உண்டு, விரும்பாவிடின் இல்லை. 1960, 61-இல் அப்பள்ளிகளைப் பொறுப்பேற்ற சட்டங்களின் பின்னரே நம் தொழிலுக்கு நிலைத்த பிடி கிடைத்தது. நிலைத்த பிடி உடைய ஆசிரியன் அஞ்சாமல் கற்பிப்பான். அதுபோலவே, நிலைத்த பிடி உடைய உழவன் மரம் நடுவான்; மீனவன் நாளைய மீனுக்கு இன்று குஞ்சை விடுவான். இன்று இருப்போம், நாளை நீக்கப்படுவோம் என்று வாழ்பவனிடம் தொலைநோக்கை எதிர்பார்ப்பது அறியாமை.

நிலம் யாருடையது என்பதற்கு வரலாறு பல விடைகள் கூறிற்று: அரசனுடையது, கோயிலுடையது, கும்பினியுடையது, முடியுடையது, அரசுடையது, பணம் கொடுத்தவனுடையது. இவை யாவும் மீயாட்சியின் விடைகள். காராண்மையின் விடை ஒன்றுதான். அது உழைத்தவனுடையது, அங்கே வாழ்கிறவனுடையது, வலிந்து நீக்கப்பட்டவனுடையது. ஒரு நிலச் சட்டம் நல்லதா தீயதா என்று அறிய நாம் பெரும் நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. நம் முன்னோர் கல்லில் வெட்டிய அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, இது குடிநீக்கியா, குடிநீங்காவா என்று கேட்டாலே போதும்.

நம் மாணவர்களை ஒரு பணிக்கு ஏவுவோம். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊர் முதியவரிடம் சென்று, இவ்வூரில் எந்த நிலத்துக்கு என்ன பெயர், எந்தப் பாடு எவருடைய முறை, எந்தக் காணி எப்போது எவர் கைக்குப் போயிற்று என்று கேட்டு எழுதிவரட்டும். தோம்பு எழுதும் உரிமை ஒல்லாந்தருக்கு மட்டும் எழுதிவைத்ததன்று. உறுதி இல்லாதவர்களின் வாய்ச்சொல்லும் ஏட்டில் ஏறுமாயின், ‘மாறாக நிரூபிக்கப்படும்வரை’ என்று அரசு கேட்கும் நாளில், காட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு தாளேனும் இருக்கும்.